எட்டுத்தொகையை வரிசையாக வாசித்த ஓராண்டு

சென்ற ஆண்டு தை மாதத்தில் தொடங்கிய வாசிப்பு இந்தத் தை பிறப்பதற்குள் நிறைவு பெற்றது. எட்டுத்தொகையையும் பத்துப்பாட்டையும், ஒரு பாடலையும் விட்டுவிடாமல், தொகுத்தவர்கள் வைத்துச் சென்ற வரிசை மாறாமல், உரையோடு சேர்த்து ஓராண்டுக்குள் வாசித்து முடிப்பது என்று எனக்கு நானே ஓர் ஏற்பாடு செய்துகொண்டிருந்தேன். சங்கப் பாடல்கள் மொத்தம் 2,381 என்பது அறிஞர்கள் சொல்லும் கணக்கு. அதை ஆண்டின் நாட்களுக்குப் பகிர்ந்தால் நாளொன்றுக்கு ஆறேழு பாடல்கள் வரும். குறுந்தொகையில் அது அரைமணி நேர வேலை. அகநானூற்றுக்கு வந்துவிட்டால் விடிவதற்கு வெகுமுன்பே எழுந்தாலும் நேரம் போதாது.

கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிக்கு அருகே, காப்பியும் மிளகும் மலைவாழையும் விளையும் சிறு தோட்டத்தை நம்பி வாழும் குடும்பம் எங்களுடையது. நான் கல்லூரியில் வணிகவியல் படித்தவள். தமிழ் இலக்கியம் பள்ளியோடு நின்றது. ஆகவே இதை ஆய்வாக யாரும் கொள்ள வேண்டாம். குறிஞ்சி நிலத்தில் குடியிருக்கும் ஒரு வாசகி, அந்நிலத்தைப் பாடிய நூல்களை முதன்முறையாக முழுமையாக வாசித்தபோது கண்டவற்றை, நினைவில் இருக்கும்போதே எழுதிவைக்கிறேன்.

நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். சங்கப் பாடல்களை நாம் பெரும்பாலும் தனித்தனியாகவே அறிந்திருக்கிறோம். மனப்பாடப் பகுதியாக ஒன்று, பட்டிமன்றத்தில் கேட்ட மேற்கோளாக ஒன்று, திருமண அழைப்பிதழில் அச்சிட்ட நான்கு அடிகளாக ஒன்று. அவற்றின் அழகில் குறையில்லை. ஆனால் அவற்றைத் தொகைநூலாகக் கட்டியவர்கள் ஒவ்வொரு பாடலுக்கும் முன்னும் பின்னும் எது நிற்க வேண்டும் என்று எண்ணிப் பார்த்துக் கட்டியிருக்கிறார்கள். அந்த அடுக்கில் வைத்து வாசிக்கும்போது, நன்கு தெரிந்த பாடலே நாம் அறியாத வேறொன்றைச் சொல்லத் தொடங்குகிறது. இந்த ஓராண்டின் பயனாக நான் கருதுவது இதைத்தான்.

பதிப்புகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குறுந்தொகைக்கு உ. வே. சாமிநாதையரின் 1937ஆம் ஆண்டுப் பதிப்பையும், புறநானூற்றுக்கு ஔவை சு. துரைசாமிப் பிள்ளையின் உரையையும், அகநானூற்றுக்கு நாவலர் ந. மு. வேங்கடசாமி நாட்டாரும் ரா. வேங்கடாசலம் பிள்ளையும் சேர்ந்து எழுதிய உரையையும் துணையாகக் கொண்டேன். மற்றவற்றில் ஐயம் எழுந்த இடங்களில் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் கைகொடுத்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இங்கே மின்சாரமும் இணையமும் சேர்ந்து போய்விடும் என்பதால், அச்சு நூல்கள் கையில் இருந்தது பெரும் நன்மை.

குறுந்தொகையில் தொடங்கினேன். நான்கு முதல் எட்டு அடி வரையுள்ள பாடல்கள் என்பதால் தொடங்குவதற்கு அதுவே ஏற்ற நூல். அதன் மூன்றாம் பாடலைத் தமிழ் படித்த எவரும் அறிவர். நிலத்தைவிடப் பெரிது, வானைவிட உயர்ந்தது, கடலைவிட ஆழமானது என்று தேவகுலத்தார் தலைவியின் கூற்றாகச் சொல்லும் அந்த நட்பு, ‘கருங்கோற் குறிஞ்சிப் பூக்கொண்டு பெருந்தேன் இழைக்கும் நாடனொடு’ கொண்ட நட்பு. நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பது. 2006இலும் 2018இலும் பூத்தது. அடுத்த பூப்பு 2030இல் வர வேண்டும். பூக்காத ஆண்டுகளில் கோடைக்கானல் குறிஞ்சியாண்டவர் கோயிலுக்கு வரும் வெளியூர்க்காரர்கள் குறிஞ்சி எங்கே என்று கேட்பார்கள். அவர்கள் பக்கத்திலேயே அது நிற்கும். கரிய, முடிச்சுகள் கொண்ட, யாரும் திரும்பிப் பார்க்காத தண்டுகளாக நிற்கும். புலவர் பூவைச் சொல்வதற்கு முன் அந்தக் கருங்கோலைச் சொல்லிவிடுகிறார். பூத்த ஆண்டில் மட்டும் மலைக்கு வந்து சென்றவர் இப்படிப் பாடியிருக்க முடியாது என்பது என் துணிபு. பூவில்லாத நீண்ட இடைவெளியில் அந்தச் செடி எப்படி இருக்கும் என்று அறிந்த ஒருவரே, காத்திருந்து கூடும் தேனோடு அந்த நட்பைச் சேர்த்திருக்க முடியும்.

பதினெட்டாம் பாடலும் அப்படியே. ‘வேரல் வேலி வேர்க்கோட் பலவின் சாரல் நாட’ என்று தோழி தலைவனை அழைக்கிறாள். அவனுடைய மலைச்சாரலில் பலா வேரிலேயே காய்க்கிறது, அதைச் சுற்றிச் சிறுமூங்கில் வேலியும் இருக்கிறது. அடுத்து அவள் தலைவியின் நிலையைச் சொல்லும்போது, அதே சாரலில் சிறிய கொம்பு ஒன்றில் பெரிய பழம் தொங்குவதைக் காட்டி, ‘இவள் உயிர்தவச் சிறிது காமமோ பெரிதே’ என்று முடிக்கிறாள். எங்கள் வீட்டுக்குக் கீழே காப்பிக்கு நிழலாக நிற்கும் பழைய பலா இரண்டு வகையாகவும் காய்க்கிறது. அடிமரத்தில், தரையை ஒட்டி விளையும் பழத்துக்கு மண்ணே தாங்கல். பன்றி தொடாமல் முள்ளை வைத்துக் கட்டினால் பழுக்கும்வரை கவலையில்லை. மேலே மெல்லிய கிளையில் பிடித்துவிட்ட பழம் அப்படியன்று. எடை கூடக் கூடக் கிளை வளைந்துகொண்டே வரும். காம்பும் கிளையும் சேரும் இடத்தில் பட்டை வெடித்துப் பால் கசியும். பழுக்கும் முன்பே ஏதோ ஓர் இரவில் கிளையோடு முறிந்து விழும். அவனுக்கு வேலியும் நிலமும் இருக்கின்றன, அவளுக்கு இருப்பது ஒரு கொம்பு மட்டுமே என்பதை ஐந்தடியில் சொன்ன கபிலர், இந்த மரத்தின் அருகில் நெடுநேரம் நின்று பார்த்திருக்க வேண்டும்.

நற்றிணையைப் பற்றித் தனியாக எழுத எண்ணியிருப்பதால் இங்கே அதைக் கடந்துசெல்கிறேன். ஐங்குறுநூற்றில் குறிஞ்சிப் பகுதியின் நூறு பாடல்களும் கபிலருடையவை. அதில் பன்றியைப் பற்றிக் கேழற்பத்து, குரங்கைப் பற்றிக் குரக்குப்பத்து, கிளியைப் பற்றிக் கிள்ளைப்பத்து, மயிலைப் பற்றி மஞ்ஞைப்பத்து என்று நான்கு பத்துகள் அடுத்தடுத்து வருகின்றன. எங்கள் தோட்டத்தில் இன்று விளைச்சலைக் கெடுப்பவற்றின் பட்டியலை எழுதச் சொன்னால் நானும் இந்த வரிசையில்தான் எழுதுவேன். பன்றி கிழங்கைத் தோண்டும். குரங்கு ஆரஞ்சைப் பறித்துப் பாதி தின்று எறியும். மயில் அண்மைக் காலமாக அடிவாரத்திலிருந்து மேலேறி வந்து நாற்றைக் கொத்துகிறது. கபிலர் இவற்றை வெறுக்கவில்லை என்பது எனக்கு வியப்பாக இருந்தது. தினையைத் தின்ன வந்த கிளிகளால்தான் தலைவி புனங்காவலுக்கு வருகிறாள், அவள் வருவதால்தான் தலைவன் அவளைக் காண முடிகிறது. ஆதலால் கிளிகளுக்கு நன்றி சொல்லப்படுகிறது. விவசாயி ஒருத்தியாக இதை என்னால் முழுமனத்தோடு ஏற்க முடியவில்லை என்றாலும், பத்துப் பாடல்களும் ஒருசேர வரும்போது அந்தப் பறவையின் மீது ஒரு பரிவு உண்டாகத்தான் செய்கிறது.

அகநானூற்றில்தான் வரிசையின் அருமை எனக்கு விளங்கியது. நானூறு பாடல்களில் 1, 3, 5, 7, 9 என ஒற்றைப்படை எண்ணுள்ளவை எல்லாம் பிரிவைப் பாடும் பாலை. 2, 8 என வருபவை குறிஞ்சி. 4 என வருபவை முல்லை. 6 என வருபவை மருதம். 10, 20 என வருபவை நெய்தல். இதை ஒரு கணக்கு விளையாட்டாகவே முன்பு கேள்விப்பட்டிருந்தேன். தொடர்ந்து வாசிக்கும்போது அது வேறாகத் தெரிகிறது. ஒரு பாடல் விட்டு ஒரு பாடல் யாரோ ஒருவர் பொருள் தேடிப் புறப்பட்டுக்கொண்டே இருக்கிறார். மலையில் இருவர் கூடும் பாடலை வாசித்து முடித்ததும், அடுத்த பாடலில் வெயில் காயும் வழியில் ஒருவர் தனியே நடக்கிறார். மகிழ்ச்சியான பாடல் ஒன்றைக்கூடப் பிரிவின் நிழல் படாமல் வாசிக்க முடியாதபடி மதுரை உப்பூரிகுடிகிழார் மகனார் உருத்திரசன்மனார் இந்நூலைத் தொகுத்துவிட்டார்.

அந்த நூலின் முதல் பாடலே எங்கள் மலையைப் பற்றியது. மாமூலனார் பாடியது. நெடுவேள் ஆவி என்னும் தலைவனுக்கு உரிய, யானைகள் உலவும் பொதினி மலையில், சாணைக்கல் செய்யும் சிறுகாரோடன் அரக்கோடு சேர்த்து இறுக்கிய கல்லைப் போல ‘பிரியலம்’ என்று அவர் சொன்னாரே, அந்தச் சொல்லை மறந்துவிட்டாரோ தோழி என்று தலைவி கேட்கிறாள். பொதினி இன்றைய பழனி என்பது அறிஞர்கள் பலரும் ஏற்றது. பழனிக்குத் தென்மேற்கே மலையடிவாரத்தில் உள்ள பொருந்தலில், பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. இராசன் 2009, 2010ஆம் ஆண்டுகளில் நடத்திய அகழாய்வில் கண்ணாடி மணிகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. ஈமக்குழி ஒன்றில் வைத்திருந்த நெல் கி.மு. 490ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்று கரிமக் கணிப்பு சொன்னது. மணியும் கல்லும் கைவினையும் புழங்கிய ஊர்கள் இந்த அடிவாரத்தில் இருந்தன என்பதைத் தெரிந்துகொண்டு அந்தப் பாடலுக்குத் திரும்பினால், காரோடனின் அரக்கும் கல்லும் வெறும் உவமையாகத் தோன்றுவதில்லை; தெருவில் அன்றாடம் கண்ட ஒன்றை எடுத்துத்தான் அந்தத் தலைவன் வாக்குக் கொடுத்திருக்கிறான்.

இதற்குச் சில மாதங்களுக்குப் பின் புறநானூற்றில் பேகனிடம் வந்தேன். மயிலுக்குப் போர்வை தந்த பேகன் என்று தொடக்கப்பள்ளியில் படித்தது. ஆவினன்குடிப் பகுதியை ஆண்ட வள்ளல், கடையெழு வள்ளல்களில் ஒருவன், எங்கள் மலைக்குப் பெருமை சேர்த்தவன் என்பதற்கு மேல் நான் அறிந்தது எதுவும் இல்லை. புறநானூற்றில் 141 முதல் 147 வரை ஏழு பாடல்கள் அவனைப் பற்றித் தொடர்ச்சியாக அமைந்திருக்கின்றன. முதல் இரண்டும் பரணர் பாடியவை. உடுக்காது, போர்த்துக்கொள்ளாது என்று தெரிந்தும் மயிலுக்குப் ‘படாஅம்’ ஈந்தவன் என்ற புகழ் அங்கே வருகிறது. கொடையில் மடம், அதாவது ஆராயாமை, கொள்வானே தவிரப் படையில் மடம் கொள்ளான் என்ற பாராட்டும் அங்கே வருகிறது. நம் பாடநூல்கள் இங்கேயே நின்றுவிடுகின்றன.

அடுத்த ஐந்து பாடல்களும் பேகன் கைவிட்டுப் பிரிந்த அவனுடைய மனைவி கண்ணகிக்காகப் புலவர்கள் அவனிடம் வாதாடுபவை. கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகிய நால்வர் இதற்காகப் பாடியிருக்கிறார்கள். மன்னனின் கொடையால் வாழும் புலவர்கள், அந்தக் கொடை தங்களுக்கு வேண்டாம் என்று சொல்லி, வீட்டில் அழுதுகொண்டிருக்கும் ஒரு பெண்ணுக்காக அவன் முகத்துக்கு நேரே பேசுகிறார்கள்.

கபிலரின் பாடலில் (143) மலைமக்கள் மழை வேண்டிப் பலியிட்டு வணங்குகிறார்கள். மழை மிகுந்ததும், போதும், மேலே போகட்டும் என்று மறுபடி வணங்குகிறார்கள். மழை நின்றதும் மகிழ்ந்து தினை உண்கிறார்கள். பங்குனி சித்திரையில் காப்பி பூக்க மழை வேண்டும் என்று வானத்தைப் பார்ப்பதும், மார்கழியில் களத்தில் காப்பி காயும்போது மேகம் திரண்டால் இன்று மட்டும் வேண்டாமே என்று கும்பிடுவதும் எங்கள் வீட்டில் ஆண்டுதோறும் நடப்பவை. அப்படிப்பட்ட நாட்டை உடையவனே என்று பேகனை அழைத்துவிட்டுத்தான், நேற்று உன் மலையைப் பாடி உன் சிற்றூர் வாயிலில் நின்றபோது குழல் அழுவதுபோல அழுதாளே, அவள் யார், இரங்கத்தக்கவள் என்று கபிலர் கேட்கிறார். தன் குடிகள் கேட்டபடி பெய்வதற்கும் நிற்பதற்கும் தெய்வம் செவிசாய்க்கும் நாட்டில், அரசன் ஒரு பெண்ணின் குரலுக்குச் செவிசாய்க்கவில்லை என்பதை அவர் வெளிப்படையாகச் சொல்லவில்லை. சொல்லாமலே விளங்கும்படி அடிகளை அடுக்கியிருக்கிறார்.

பரணரின் பாடலில் (144) கண்ணகியே பேசுகிறாள். நீர் எம் தலைவனுக்கு உறவோ என்று கேட்டவர்களிடம், காந்தள் மொட்டுப் போன்ற விரலால் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, நாங்கள் அவனுக்கு உறவினர் அல்லோம், கேளுங்கள், எம்மைப் போன்ற ஒருத்தியின் அழகை விரும்பி முல்லைவேலி சூழ்ந்த நல்லூருக்கு அவன் நாள்தோறும் போகிறான் என்று சொல்கிறார்கள் என்கிறாள். மனைவி தன் வாயால் ‘உறவு இல்லை’ என்று சொல்லும் அந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்தேன். அன்றைக்கு வேறு பாடல் வாசிக்கவில்லை.

மறுநாள் வந்த 145ஆம் பாடலில்தான் மயில் திரும்பி வருகிறது. மயில் குளிரால் நடுங்கும் என்று இரங்கிப் போர்வை தந்த பேகனே, நாங்கள் பசித்து வரவில்லை, எங்களுக்குக் குடும்பச் சுமையும் இல்லை, நாங்கள் இரந்து கேட்கும் பரிசில் இன்று இரவே நீ தேரேறிச் சென்று துன்பத்தில் இருப்பவளின் துயரைக் களைவதுதான் என்கிறார் பரணர். ‘இன்னா துறைவி அரும்படர் களைமே’ என்பது அதன் கடைசி அடி. 141இல் புகழாக இருந்த அதே மயில் 145இல் வழக்காக மாறிவிடுகிறது. ஒரு பறவையின் நடுக்கத்தை உணர்ந்த உனக்கு உன் வீட்டில் இருப்பவளின் நடுக்கம் தெரியவில்லையா என்ற கேள்வி, முதல் பாடலை மட்டும் படித்தவருக்குக் கிடைக்கவே கிடைக்காது. பெருங்குன்றூர்கிழாரின் 147ஆம் பாடலில், எண்ணெய் மறந்த கூந்தலோடு தனியாக மழையோசை கேட்டுக்கொண்டிருப்பவளின் தலையில் மீண்டும் பூ ஏற நீ இன்றே புறப்பட்டால் அதுவே எம் பரிசில் என்று முடித்து, அவனை ‘ஆவியர் கோவே’ என்று அழைக்கிறார்.

ஆவியர் என்ற அந்தப் பெயரைக் கண்டதும் அகநானூற்றின் முதல் பாடல் நினைவுக்கு வந்தது. ஆவியின் பொதினிக் கல்லைச் சான்றாக வைத்து ‘பிரியலம்’ என்று ஒருவன் சொன்ன சொல் பொய்த்தது அங்கே. அதே ஆவியர் குடித் தலைவன் மனைவியைப் பிரிந்து வாழ்ந்தது இங்கே. மாமூலனார் பேகனை நினைத்து அப்படிப் பாடினார் என்று சொல்வதற்கு என்னிடம் எந்தச் சான்றும் இல்லை, அப்படிச் சொல்லவும் மாட்டேன். இரண்டு நூல்களையும் ஒரே ஆண்டில், முழுமையாக வாசித்த ஒருவருக்கு இரண்டும் ஒன்றையொன்று நோக்கி நிற்பது தெரிகிறது என்பது மட்டும் உண்மை.

பதிற்றுப்பத்து எனக்குக் கடினமாக இருந்தது. முதற்பத்தும் பத்தாம்பத்தும் கிடைக்காமல் எஞ்சிய எண்பது பாடல்களிலும் சேர மன்னர்களின் வெற்றியும் கொடையும் திரும்பத் திரும்ப வருவதால், மற்ற நூல்களில் கிடைத்த நெருக்கம் இதில் கிடைக்கவில்லை. பரிபாடலைப் பரிமேலழகர் உரை இல்லாமல் என்னால் கடந்திருக்க முடியாது. கலித்தொகையை அம்மாவுக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். தண்ணீர் கேட்டு வந்தவன் கையைப் பிடிக்க, மகள் அலறி அம்மாவை அழைத்துவிட்டு, உடனே ‘உண்ணுநீர் விக்கினான்’ என்று மாற்றிச் சொல்லி அவனைக் காப்பாற்றும் 51ஆம் பாடலைக் கேட்டபோது அம்மா, “பாவம் அந்த அம்மா, அவன் முதுகை வேற தடவிக் கொடுத்தாளா?” என்று கேட்டார். ஆம், தடவிக்கொடுக்கிறாள், அந்த நேரத்தில்தான் அவன் கடைக்கண்ணால் மகளைப் பார்க்கிறான்.

பத்துப்பாட்டில் குறிஞ்சிப்பாட்டைக் கடைசியாக வைத்துக்கொண்டேன்; வரிசையிலிருந்து விலகியது இந்த ஓர் இடத்தில் மட்டுமே, அதுவும் தெரிந்தே செய்தது. ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழின் அகமரபை அறிவிக்கக் கபிலர் பாடியதாகச் சொல்லப்படும் அந்த 261 அடிகளில், தலைவியும் தோழியும் பறித்துப் பாறையில் குவிக்கும் பூக்கள் தொண்ணூற்றொன்பது. பட்டியல் என்று நினைத்துத் தாண்டிப்போகக் கூடிய அந்த அடிகளை நான் மெதுவாக, ஒரு நாளைக்குச் சில பெயர்களாக வாசித்தேன். காந்தளும் வேங்கையும் கொன்றையும் சண்பகமும் செங்கொடுவேரியும் மூங்கிலும் எங்கள் சரிவில் இன்றும் இருப்பவை. கருங்கால் வேங்கையின் பூ உதிர்ந்த உருண்டைக்கல் புலிக்குட்டி போலத் தோன்றும் என்று குறுந்தொகை 47 சொல்வது எத்தனை சரி என்பதைத் தோட்டத்துக்கு மேலே உள்ள பாறையில் மாலை வெளிச்சத்தில் பார்த்திருக்கிறேன்.

இதை வாசித்தபோது இன்னொன்றும் தெளிவாயிற்று. பழனி மலை என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ஏழாயிரம் அடி உயரத்தில் உள்ள கோடைக்கானல் ஏரியும், பைன் காடும், பனிமூட்டமும். 1845இல் அமெரிக்க மிஷனரிகள் குடியேறிய பிறகு உருவான ஊர் அது. பைனும் யூகலிப்டசும் சீகை மரமும் வெளியிலிருந்து வந்து ஊன்றப்பட்டவை. சங்கப் புலவர்களின் குறிஞ்சி, தினையும் பலாவும் மிளகும் சந்தனமும் மூங்கிலும் வேங்கையும் சேர்ந்து வளரும் இடம். அது பெரும்பாலும் எங்களைப் போன்றோர் வாழும் நடுச்சரிவுகளைச் சேர்ந்தது. பரணில் ஏறித் தழல், தட்டை, குளிர் என்னும் கருவிகளைக் கொண்டு கிளி ஓட்டிய பெண்ணைப் பற்றி வாசித்தபோது, தான் சிறுமியாக இருந்த காலத்தில் தினைக்கொல்லையில் தகரம் தட்டிக் கிளி விரட்டியதை அம்மா சொன்னார். இப்போது இங்கே தினை இல்லை, காப்பி இருக்கிறது. பரண் மட்டும், யானைக்காக, இன்னும் சில தோட்டங்களில் இருக்கிறது.

இதே போல் வாசிக்க விரும்புபவர்கள் கேட்டால், முதல் ஆண்டிலேயே பதினெட்டு நூல்களையும் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றுதான் சொல்வேன். குறுந்தொகை ஒன்றைக் கடவுள் வாழ்த்திலிருந்து 401ஆம் பாடல் வரை வரிசையாக வாசித்தாலே போதும். அடுத்து, புறநானூற்றில் அந்த ஏழு பாடல்களை மட்டும் ஒரே அமர்வில் வாசிக்கலாம்.

இந்தத் தையிலிருந்து சிலப்பதிகாரம் எடுத்திருக்கிறேன். கோத்தகிரியில் இருக்கும் என் அத்தை மகளும் உடன் வாசிக்கிறாள். ஞாயிறுதோறும் தொலைபேசியில் ஒரு காதை என்று பேச்சு. வடக்கே படையெடுத்துப் போகும் செங்குட்டுவன் ‘நீலகிரியின் நெடும்புறத்து’ப் படையோடு தங்கினான் என்று கால்கோட்காதையில் வருகிறது. அது எங்கள் நீலகிரிதானா, வேறு மலையா என்று அவள் இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டாள். வஞ்சிக்காண்டம் வரும்வரை பொறு என்று சொல்லி, மங்கல வாழ்த்துப் பாடலில் தொடங்கியிருக்கிறோம்.